ஐம்பது ரூபாய்ச் சட்டமும் கோடி ரூபாய்க் கண்ணீரும்

சேவற்கட்டுக்குத் தடை போட்டதால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்கெழுதிக் காட்டியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். போலீஸ் பந்தோபஸ்து ஒரு செலவு, நீதிமன்ற நேரம் ஒரு செலவு, கைக்கு வராமல் போன வரி ஒரு நட்டம், கிராமத்தில் புழங்காமல் போன பணம் இன்னொரு நட்டம். எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் ஏழை விவசாயியின் வயிற்றில் அடித்த தடை என்று கண் கலங்கி முடிக்கிறார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயாவது ஆட்டை நினைத்து அழுதது. இவருடைய கட்டுரையில் காலில் கத்தி கட்டப்பட்ட சேவலுக்கும் இடமில்லை, பந்தயத்தில் தோற்றவன் வீட்டுக்கும் இடமில்லை. வென்றவனும் களம் நடத்தியவனும் மட்டும்தான் இவருக்குப் 'பொதுமக்கள்'.

நான் சேவலின் வேதனையைப் பற்றிப் பேச வரவில்லை. அதை என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட பொருளிலேயே நிற்கிறேன்: பொதுப்பணம், பொதுச்செலவு. கணக்குப் புத்தகம் என்று ஒன்றைத் திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தை ஒட்டி வைக்கிறவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கே தெரியும்.

இத்தனை நட்டத்துக்கும் காரணம் என்று அவர் காட்டும் சட்டத்தை அவர் ஒரு முறையாவது எடுத்துப் படித்தாரா என்பது சந்தேகம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொரு விலங்கோடு சண்டைக்குத் தூண்டுவது குற்றம். சண்டைக்களம் நடத்துவது, அதற்கு இடம் கொடுப்பது, உள்ளே விட நுழைவுக் காசு வாங்குவது எல்லாமே குற்றம். தண்டனை என்ன? முதல் முறை என்றால் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி மாட்டினால் 25 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் எழுதிய தொகை அறுபது ஆண்டு தாண்டியும் ஒரு பைசா ஏறாமல் அப்படியே இருக்கிறது.

விவசாயியின் முதுகெலும்பை முறித்த கொடுங்கோல் சட்டம் இதுதான். களத்துக்கு வெளியே ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் ஆகிற செலவு, உள்ளே களம் நடத்தியதற்கான அபராதத்தைத் தொட்டுவிடும். சேவலை ஆட்டோவில் கொண்டுபோகிற கூலி அதைத் தாண்டிவிடும். குற்றத்தின் விலை இப்படி இருக்கும்போது, அதைக் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு அது தண்டனையாகவா தெரியும்? ரசீதாகத்தான் தெரியும்.

தடையால் சேவற்கட்டு தலைமறைவாகிவிட்டது, மறைவில் நடப்பதால்தான் ஆபத்து கூடிவிட்டது என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. எங்கே மறைந்தது? சங்கராந்தியை ஒட்டி, போகி தொடங்கிக் கனுமா வரை மூன்று நாளும் பீமவரத்தைச் சுற்றிக் கோதாவரி மாவட்டங்களில் நடப்பதைத் தெலுங்குச் சேனல்கள் ஊருக்கே காட்டுகின்றன. பந்தல், எல்இடி திரை, ராத்திரி ஆட்டத்துக்கு மின்விளக்கு, முக்கியஸ்தர்களுக்குத் தனி இருக்கை, பக்கத்திலேயே குண்டாட்டம் என்கிற பகடைச் சூது. மக்கள் பிரதிநிதிகளே வந்து தொடங்கி வைக்கிறார்கள். எந்தத் திசையில், எந்த நேரத்தில், எந்த நிறத்துச் சேவலை விட்டால் ஜெயிக்கும் என்று சொல்லும் குக்குட சாஸ்திரத்தைப் பற்றிப் பண்டிகை நாட்களில் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. 2016 டிசம்பரில் ஐதராபாத் உயர் நீதிமன்றம் தடையைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது. மறுமாதச் சங்கராந்திக்கும் சேவல் பறக்கத்தான் செய்தது. இதைத் தலைமறைவு என்று சொல்பவர், எல்லோரும் பார்க்க மேடை ஏறுவதற்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறார்?

ஆக, அவர் எழுதியிருக்கும் நட்டக் கணக்கு தடையினுடையது அல்ல. தடை நடக்காததனுடையது. பாதிக்கு மேல், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பந்தயம் கொண்டுவரும் நட்டம்.

போலீஸ் செலவை எடுத்துக்கொள்வோம். தடை இருப்பதால் பொங்கலுக்குப் பொங்கல் போலீஸ்காரர்கள் தோப்பு தோப்பாக அலைய வேண்டியிருக்கிறதாம். அனுமதித்துவிட்டால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடலாமாம். அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில் பூலாம்வலசில் பொங்கலுக்குச் சேவற்கட்டு நடந்தால் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அனுமதி என்றால் நிபந்தனை இல்லாத அனுமதியை எந்த நீதிமன்றமும் தராது. கத்தி கட்டக் கூடாது, பந்தயம் வைக்கக் கூடாது, சேவலுக்குச் சாராயம் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்லும். ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டத்தில் ஒவ்வொரு சேவலின் காலையும் யார் பார்ப்பது? கூட்டத்துக்குள் விரலைக் காட்டியே பேசி முடிக்கும் பந்தயத்தை யார் பிடிப்பது? தடை இருந்தால் 'நடக்கிறதா இல்லையா' என்ற ஒரே கேள்வியோடு போலீஸ்காரர் போய்ச் சேருவார். அனுமதி இருந்தால் களத்துக்கு நடுவில் நின்று நூறு கேள்வி கேட்க வேண்டும். எதற்குச் செலவு அதிகம்?

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போகத் தேவையில்லை. ஜல்லிக்கட்டைச் சட்டப்படி நடத்த என்ன ஆகிறது என்று அலங்காநல்லூரில் கேட்டால் போதும். கால்நடை மருத்துவர் குழு, காளைக்கு உடற்தகுதிச் சான்று, வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் வரிசை, கேலரி, ஆயிரக்கணக்கில் போலீஸ். 2024 ஜனவரியில் கீழக்கரையில் திறந்த ஜல்லிக்கட்டு அரங்கத்துக்கு மட்டும் 60 கோடி ரூபாய்க்கு மேல் அரசுப் பணம் செலவானது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். அனுமதி கொடுத்துவிட்டால் அரசுக்குச் செலவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வருவாய்க் கணக்குக்கு வருவோம். அனுமதித்து வரி போட்டால் கஜானா நிரம்பும் என்கிறார். கிண்டியில் குதிரை மேல் பணம் கட்டலாம், சேவல் மேல் கட்டக் கூடாதா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லை என்பதுபோல அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஓடுகிற குதிரைகள் ஒன்றையொன்று கத்தியால் குத்துவதில்லை என்பதும் உண்மை. அவர் கிண்டியைக் கையில் எடுத்ததால் கேட்கிறேன்: அங்கே கஜானா நிரம்பியதா? ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்ட 160 ஏக்கர் நிலத்துக்கு 730 கோடி ரூபாய் அளவுக்கு வாடகைப் பாக்கி என்று சொல்லித்தான் 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. கிளப் அதை ஏற்கவில்லை, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நகரத்தின் நடுவில், கணக்கு வழக்கோடு, கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்த பந்தயத்திலேயே அரசு வாடகைக்கு வழக்காடிக்கொண்டிருக்கிறது. தென்னந்தோப்பில் நடக்கும் பந்தயத்தில் இவர் ஜிஎஸ்டி வசூலித்துத் தரப்போகிறார்.

சூதாட்ட வருமானம் வேண்டாம் என்று உதறிய அனுபவம் நம் மாநிலத்துக்கு இருக்கிறது. 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரமும் செய்தது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் மொத்தமாகத் தடை வந்தது. அப்போதும் இதே ஒப்பாரிதான்: வருவாய் போச்சு, லட்சக்கணக்கான சில்லறை வியாபாரிகள் தெருவில் நிற்கிறார்கள், மாற்றுத்திறனாளிகள் பிழைப்பு போச்சு. இன்றும் மூன்று நம்பர் லாட்டரி கள்ளத்தனமாக நடக்கிறது, குடும்பங்கள் அழிகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் தோரணம்போல் தொங்கிய சீட்டுகளை மறுபடி கொண்டுவா என்று சொல்லி ஓட்டுக் கேட்க இத்தனை ஆண்டில் எந்தப் பெரிய கட்சிக்கும் தைரியம் வந்ததில்லை. வாக்காளர் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இணையவழிப் பணச் சூதாட்டத்துக்கு 2023இல் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டு வசூலித்துக்கொண்டிருந்த மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு அதை மூடியது. வரி வந்துகொண்டிருக்கும்போதே மூடியது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

சேவலுக்கே வரி வாங்கிப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மௌனம் தற்செயல் என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் சேவற்கட்டைப் பற்றி எழுதுகிற எவர் கண்ணிலும் படாமல் போகாத நாடு அது: பிலிப்பைன்ஸ். அங்கே 'சபோங்' என்கிற சேவற்கட்டு சட்டபூர்வமானது. 1974இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற களங்கள், ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, ஊர்த் திருவிழா என்று நாள் கட்டுப்பாடு. நம் கட்டுரையாளர் கனவு காணும் ஒழுங்குமுறை எல்லாம் அங்கே அரை நூற்றாண்டாக அமலில் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் களங்களை மூட வேண்டி வந்ததும் அது கைப்பேசிக்குள் புகுந்தது. இருபத்து நாலு மணி நேரமும் நேரலைச் சண்டை, விரல் நுனியில் பந்தயம். சூதாட்டத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனமான பாக்கோருக்கு மாதம் 64 கோடி பெசோ வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 90 கோடி ரூபாய். அரசுக்குப் பணம் வேண்டும் என்று சொல்லியே அன்றைய அதிபர் துதெர்தே அதை மூட மறுத்தார்.

அந்தப் பணத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்? 2021, 2022 ஆண்டுகளில் சேவற்கட்டோடு தொடர்புடைய 34 பேர் காணாமல் போனார்கள். சேவலோடு களத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. கடனில் மூழ்கிய போலீஸ்காரர்கள், திருடத் தொடங்கிய இளைஞர்கள், சூதாட்டக் கடனை அடைக்கக் கைக்குழந்தையை விற்ற தாய் என்று செய்திகள் வந்தன. கடைசியில் 2022 மே மாதம் அதே துதெர்தே இணையச் சேவற்கட்டை நிறுத்த உத்தரவிட்டார். அடுத்து வந்த மார்கோஸ் அந்தத் தடையைத் தொடர்ந்தார். 2025இல் அந்த 34 பேரின் எலும்புகளைத் தேடி அங்குள்ள தால் ஏரிக்குள் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். மாதம் 90 கோடியை வரவில் எழுதுவதானால், ஏரியின் அடியைத் துழாவியதைக் கட்டுரையாளர் எந்தத் தலைப்பில் எழுதுவார்? இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

கிராமப் பொருளாதாரம் என்கிற அடுத்த அஸ்திரம். மூன்று நாளில் கோடிக்கணக்கில் பணம் புழங்குகிறது, தடை போட்டால் அது நின்றுவிடுகிறது என்கிறார். பணம் புழங்குவதும் பணம் விளைவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும். களத்தில் ஒருவன் வென்ற ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவன் தோற்ற ரூபாய். நடுவில் களம் நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், கூட்டம் மொத்தமாகக் கொண்டு வந்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கொண்டுபோகும். நெல் விற்ற பணம், கரும்பாலை கொடுத்த பணம், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்த பணம், எல்லாம் அங்கே கை மாறுகிறது. ஒரு நெல்மணி கூடுதலாக விளைவதில்லை. பிரியாணிக் கடைக்காரர் மூன்று நாள் நன்றாகச் சம்பாதிப்பார், உண்மைதான். அந்தப் பணம் களத்துக்கு வராமல் போயிருந்தால் அதே ஊர் மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் பள்ளிக் கட்டணக் கவுண்டரிலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

வேலைவாய்ப்புக் கணக்கு இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 2019 டிசம்பரில் சேவற்கட்டுத் தடை அமலுக்கு வந்தபோது அதன் ஆதரவாளர்கள் உலகம் முழுக்க ஒரு கணக்கைப் பரப்பினார்கள்: ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் வருமானம், 27,000 பேருக்கு வேலை. நம் ஆட்களும் அதைப் பக்தியோடு எடுத்துப் போடுகிறார்கள். யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. 1 கோடியே 80 லட்சத்தை 27,000ஆல் வகுத்தால் ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் 667 டாலர். அன்று அங்கே சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அதாவது ஆண்டு முழுக்கச் செய்கிற 'வேலை'க்குப் பன்னிரண்டு நாள் கூலி கூட வரவில்லை. ஒன்று, வருமானம் பொய். அல்லது வேலை பொய். இரண்டும் உண்மை என்றால் அதைத் தொழில் என்று சொல்லக் கூடாது. தடையை மீறித் தீவின் அரசே உள்ளூர்ச் சட்டம் போட்டுப் பார்த்தது. நீதிமன்றத்திலும் வாதாடிப் பார்த்தார்கள். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

செலவுப் பக்கத்தில் அவர் ஒட்டி வைத்த தாள்களைப் பிரிக்கலாம். 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜக்தியால் மாவட்டத்தில், சேவல் காலில் கட்டியிருந்த மூன்று அங்குலக் கத்தி இடுப்புக்குக் கீழே பாய்ந்து, அதைக் கொண்டுவந்தவரே ரத்தம் போய் இறந்தார். சேவலைப் போலீஸ் நிலையத்தில் கட்டி வைத்துத் தீனி போட்ட செய்தியை உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரிப்புச் செய்தியாகப் போட்டன. இறந்தவரின் குடும்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2023 சங்கராந்தியில் ஆந்திரத்தில் இதே விதமாக இரண்டு பேர் போனார்கள். இந்தக் காயங்களோடு ஆட்கள் ஓடுவது எங்கே? அரசு மருத்துவமனைக்கு. தையலும் ரத்தமும் யார் பணம்?

இதையெல்லாம் விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. பூலாம்வலசு இருக்கும் கரூர் மாவட்டத்துக்குக் காவிரியின் அக்கரையில் இருப்பது நாமக்கல். நாட்டுக்கே முட்டை போடும் ஊர். கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் பண்ணைகளில் அடைந்து கிடக்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் விழும் முட்டை அங்கிருந்து வருகிறது. லாரி ஓட்டுநர், தீவனக்காரர், முட்டை அட்டை செய்கிறவர் என்று அதைச் சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை. அந்த ஊருக்குப் பக்கத்தில் நாலு மாநிலச் சேவல்களை ஒரே களத்தில் கூட்டி, ரத்தமும் எச்சிலும் கலக்கவிட்டு, மறுநாள் நாலு மாநிலத்துக்கும் திருப்பி அனுப்புவதைப் பொருளாதார வளர்ச்சி என்று இவர் சொல்கிறார்.

கோழி வளர்க்கிற எந்தப் பாட்டிக்கும் வெள்ளைக்கழிச்சல் தெரியும். மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். கலிபோர்னியாவில் 2002, 2003இல் அது பரவியபோது சண்டைச் சேவல்களும் வீட்டுக் கொல்லைக் கோழிகளும் கை மாறிய வழியாகத்தான் பண்ணைகளுக்குள் நுழைந்தது. 30 லட்சத்துக்கும் அதிகமான பறவைகளைக் கொன்று புதைத்தார்கள். சுமார் 16 கோடி டாலர் பொதுப்பணம் கரைந்தது. 2018இல் மறுபடி அதே பகுதியில் வந்து, 2020 வரை நீடித்து, 12 லட்சம் பறவைகள் போயின. நாமக்கல் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்று அவர் சொல்லலாம். சண்டைக்கு வளர்க்கிற எல்லாச் சேவலுக்கும் போடுகிறார்களா என்று அவரே விசாரிக்கட்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் நம் நாட்டில் கோழியைக் கொன்று புதைப்பதுதான் வழி.

தாய்லாந்து அந்த வழியாகப் போய்வந்தது. 2004இல் பறவைக் காய்ச்சலில் 6 கோடிக்கும் அதிகமான பறவைகளை அழித்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் 17 மனிதருக்குத் தொற்றி 12 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு பதினெட்டு வயது இளைஞன் சண்டைச் சேவல் வளர்த்தவன். நோய்ப்பட்ட சேவலின் தொண்டைச் சளியை வாயால் உறிஞ்சி எடுத்தான் என்று செய்திகள் கூறின. சேவலை மடியில் வைத்துக் காயத்துக்கு வாய் வைக்கும் பழக்கம் நம் ஊர்க் களத்திலும் உண்டு, பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு தாய்லாந்து அரசு சண்டைச் சேவல்களுக்கு பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கியது. எந்தச் சேவல் எங்கே போகிறது என்று குறிப்பதற்கு அரசு ஊழியர்கள், பரிசோதனைக்கு மருத்துவர்கள், பதிவேடுகள். அதற்கெல்லாம் ஆகிற செலவையும் இவர் 'அனுமதியின் லாபம்' என்றுதான் எழுதுவாரோ?

நாட்டு இனம் அழிந்துவிடும் என்ற பயமுறுத்தலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கிளிமூக்கு விசிறிவால் சேவலைப் பார்க்கத் திண்டுக்கல், மதுரைப் பக்கம் நடக்கும் கண்காட்சிகளுக்கு அவர் ஒரு முறை போய்வரட்டும். மூக்கின் வளைவுக்கும் வாலின் விரிவுக்கும் நிறத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் விலை பேசுகிறார்கள். அந்தச் சேவல் யாரையும் கொத்தியதற்காக அந்த விலை போகவில்லை. சிறுவிடையும் பெருவிடையும் நாட்டுக்கோழிக் கறிக்கும் முட்டைக்கும் சந்தையில் நல்ல விலை போகின்றன. சண்டை நின்றால் இனம் நின்றுவிடும் என்பவர் சேவல் வளர்ப்பவர்களையே அவமதிக்கிறார்.

பண்பாட்டை எடுக்காமல் இந்த மாதிரிக் கட்டுரை முடியாது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்கு ஊரார் நட்ட கல் இருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. இந்தளூரிலும் இருக்கிறது. இரண்டையும் மேற்கோள் காட்டி உணர்ச்சிவசப்படுகிறார். பெருமைப்பட வேண்டிய கற்கள்தான், மறுப்பில்லை. அந்த ஊர்கள் தம் சேவலைக் கல்லில் வெட்டி வைத்தன. இன்றைய கத்திக்கட்டில் செத்த சேவலுக்குப் பெயர் கோச்சை. அது வென்றவன் வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போகிறது. எதை மரபென்று சொல்லி எதை விற்கிறோம் என்ற கூச்சம் கொஞ்சமாவது வேண்டாமா? 'ஆடுகளம்' படத்தையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். ஆறு தேசிய விருது வாங்கிய அந்தப் படத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு பந்தயம் ஒரு குருவையும் சீடனையும் எந்தக் கதிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதுதானே படமே! காளைக்குச் சட்டம் திருத்தியதுபோல் சேவலுக்கும் திருத்து என்கிறார். காளையின் கொம்பில் கத்தி கட்டி, இன்னொரு காளையின் மேல் ஏவி, எது சாகிறது என்று பணம் கட்டும் ஜல்லிக்கட்டு எந்த ஊரில் நடக்கிறது என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிராய்லர் கோழிக்கு நாற்பது நாள் ஆயுள்தானே, அதற்கு அழாதவர்கள் இதற்கு ஏன் அழ வேண்டும் என்கிறார். ஒரு கொடுமையைக் காட்டி இன்னொரு கொடுமைக்கு உரிமம் கேட்கிற இந்தப் பழக்கம் நம் விவாதங்களில் எப்போது ஒழியுமோ.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று உண்மை. தடையின் அடி சின்னவன் முதுகில்தான் விழுகிறது. 'சேவற்கட்டு நடத்திய ஏழு பேர் கைது, நான்கு சேவல், மூன்று பைக் பறிமுதல்' என்ற செய்தியைப் பொங்கல் வாரத்தில் எந்த மாவட்டப் பதிப்பிலும் பார்க்கலாம். பிடிபடுகிறவர் கூலி வேலைக்காரர், டிரைவர், கட்டட வேலைக்காரர். பைக்கை மீட்க அலைகிற அலைச்சலில் ஒரு மாதக் கூலி போய்விடும். தோப்புக்குச் சொந்தக்காரர் பெயரும் பந்தயப் பணத்தைப் பிடித்து வைத்தவர் பெயரும் அந்தச் செய்தியில் வருவதில்லை. சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சண்டைக்குத் தூண்டியவனைப் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. களம் நடத்தியவரையும் இடம் கொடுத்தவரையும் செய்யலாம். பெரியவரைப் பிடிக்கத்தான் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பிடிப்பது சின்னவனை. இந்த அநியாயத்தைக் கண்டு கட்டுரையாளருக்குக் கோபம் வந்திருந்தால் நானும் அவரோடு சேர்ந்து நின்றிருப்பேன். அவர் சின்னவனின் காயத்தைக் காட்டிப் பெரியவருக்கு அனுமதி வாங்கித் தரப் பார்க்கிறார். தோப்புக்காரர் சட்டபூர்வமான தொழிலதிபர் ஆவார். கூலிக்காரர் சட்டபூர்வமாகத் தோற்பார்.

2017இல் காளைக்காக இதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் தன் மாநிலத்துக்குத் திருத்தியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. அதாவது திருத்தும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அதே 11ஆம் பிரிவை எடுத்து, களம் நடத்துபவருக்கும் நிலம் கொடுப்பவருக்கும் நுழைவுக் காசு வாங்குபவருக்கும் அபராதத்தை லட்சத்தில் வையுங்கள், வேடிக்கை பார்க்க வந்தவனின் பைக்கை விட்டுவிடுங்கள் என்று கேட்கலாம். பண்டிகை வாரத்தில் மாநிலம் விட்டு மாநிலம் சேவல் கொண்டுபோவதற்குக் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடி வையுங்கள் என்று கேட்கலாம். பொதுப்பணத்தின் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால் கட்டுரையாளர் அடுத்த கட்டுரையில் இதைக் கேட்கட்டும், நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை, களம் நடத்தி முதல் முறை மாட்டுகிறவர் அதிகபட்சம் கட்ட வேண்டிய அபராதம் 50 ரூபாய்.